ககாவாவின் சேரி வாழ்வும் முள்முடிக் கொடியும்

1909 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். ஜப்பானின் கோபே நகரத்தில் இருபத்தொரு வயது இறையியல் மாணவர் ஒருவர் தம் உடைகளையும் புத்தகங்களையும் ஒரு கைவண்டியில் ஏற்றிக்கொண்டு ஷின்காவா என்ற குடியிருப்புக்குள் நுழைந்தார். அவர் வாடகைக்குப் பிடித்திருந்த சிற்றறையில் முன்பு ஒரு கொலை நடந்திருந்தது. பேய் உலவுகிறது என்று சொல்லி யாரும் அங்கே குடிவரவில்லை. அதனால் வாடகை குறைவு. காசநோயால் இருமிக்கொண்டிருந்த அந்த இளைஞரின் பெயர் டொயோஹிகோ ககாவா. அடுத்த முப்பதாண்டுகளில் உலகக் கிறித்தவம் அவரைக் காந்தியோடும் ஆல்பர்ட் ஷ்வைட்சரோடும் சேர்த்துப் பேசியது. நோபல் பரிசுக்கு இலக்கியத்துக்காகவும் அமைதிக்காகவும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. ஆனால் அவருடைய வாழ்க்கையைத் தலித் வாசகர் ஒருவர் வாசிக்கும்போது, திருச்சபைகளின் ஞாயிறு பள்ளிப் புத்தகங்களில் வராத ஒரு பக்கத்தை எதிர்கொண்டே ஆக வேண்டும்.

தமிழில் சேரி என்ற சொல் ஒடுக்கப்பட்ட சாதியினரின் குடியிருப்பையும் குறிக்கும். நகரத்து ஏழைகளின் நெருக்கடியான குடியிருப்பையும் குறிக்கும். ஷின்காவா இரண்டு பொருளிலும் சேரிதான். நிலமிழந்து நகரத்துக்கு வந்த கூலிகள், துறைமுகத்தில் மூட்டை சுமப்போர், பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்ட பெண்கள், சூதாடிகள் ஆகியோரோடு, ஜப்பானியச் சமூகம் பிறப்பின் பெயரால் ஒதுக்கிவைத்த புராக்குமின் மக்களும் அங்கே வாழ்ந்தனர்.

புராக்குமின் யார் என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். நிறத்திலோ மொழியிலோ மதத்திலோ மற்ற ஜப்பானியரிடமிருந்து அவர்களுக்கு எந்த வேறுபாடும் இல்லை. தோல் பதனிடுதல், செத்த மாட்டை அகற்றுதல், கொலைக்களத்தில் பணிசெய்தல் போன்ற தொழில்களைத் தீட்டு எனக் கருதிய சமூகம், அத்தொழில்களில் கட்டிப்போடப்பட்டவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே நிறுத்தியது. 1871இல் மெய்ஜி அரசு ஓர் ஆணையின் மூலம் இழிபெயர்களை ஒழித்து அவர்களைச் சாதாரணக் குடிகள் என அறிவித்தது. அறிவிப்பு வந்ததே தவிர, பெண் கொடுப்பதிலும் வேலை கொடுப்பதிலும் எதுவும் மாறவில்லை. புதிய குடிகள் என்ற ஒரு பெயரை ஒட்டவைத்து, பழைய இழிவை அந்தப் புதிய பெயருக்குள் அடைத்தார்கள். இறந்தவர்களுக்குப் பௌத்தக் கோயில்கள் சூட்டும் பெயர்களில்கூட இழிவைக் குறிக்கும் எழுத்துகளைச் சேர்த்துக் கல்லில் பொறித்தார்கள். கல்லறையிலும் சாதி தொடர்வதைத் தமிழ்நாட்டுக் கிறித்தவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரே திருச்சபையின் விசுவாசிகளுக்கு இடையே சுவர் எழுப்பிய கல்லறைத் தோட்டங்கள் நம்மிடமும் உண்டு.

ககாவா புராக்குமின் அல்லர். 1888 ஜூலை 10ஆம் நாள் கோபேயில் பிறந்தார். தந்தை வசதியான குடும்பத்தைச் சேர்ந்தவர். கப்பல் வணிகம் செய்தவர். தாய் கெய்ஷாவாக இருந்து அவரோடு வாழ்ந்த பெண். சட்டப்படியான மனைவி ஊரில் இருந்தார். நான்கு வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்த சிறுவன், தொகுஷிமா பகுதியிலிருந்த தந்தையின் பூர்வீக வீட்டில், தன்னை விரும்பி ஏற்காத மாற்றாந்தாயிடமும் பாட்டியிடமும் வளர்ந்தான். பிறப்பையே குறையாகச் சுட்டும் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த ஒருவர் பின்னாளில் பிறப்பால் இழிவுபடுத்தப்பட்டவர்களைப் பற்றி என்ன எழுதினார் என்பதை நினைக்கும்போது, இந்தக் குழந்தைப் பருவம் மனத்தை உறுத்துகிறது.

தொகுஷிமாவில் சார்லஸ் லோகன், ஹாரி மையர்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பிரஸ்பிட்டீரியன் மிஷனரிகளிடம் ஆங்கிலம் படிக்கப் போன இடத்தில் அவருக்கு நற்செய்தி அறிமுகமாயிற்று. 1904இல் திருமுழுக்குப் பெற்றார். இறையியல் படிக்கப்போவதாகச் சொன்னதும் ஆதரித்துவந்த சிற்றப்பா கைவிட்டார். டோக்கியோவின் மெய்ஜி காகுயினிலும் பிறகு கோபே இறையியல் கல்லூரியிலும் படித்தார். நுரையீரலில் நோய் பற்றிக்கொண்டது. கடலோர மீனவ ஊரொன்றில் தங்கி உயிர் பிழைத்தார். எப்படியும் சாகத்தான் போகிறோம், சாவதற்கு முன் கிறிஸ்து எவரோடு உண்டு உறங்கினாரோ அவரோடு இருந்துவிட்டுச் சாவோம் என்ற எண்ணமே அவரை ஷின்காவாவுக்குக் கொண்டுவந்தது.

அவர் செத்துப்போகவில்லை. படிப்பும் அமெரிக்கப் பயணமுமாகச் சில ஆண்டுகள் இடையில் போனாலும், 1923 வரை அச்சேரியே அவர் இருப்பிடமாக இருந்தது. அந்த ஆண்டுகளைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. சொறியும் காய்ச்சலும் உள்ளவர்களோடு ஒரே படுக்கையைப் பகிர்ந்தார். அங்கே பரவியிருந்த டிரக்கோமா என்னும் கண்நோய் அவரையும் பற்றியது. வாழ்நாள் முழுதும் பார்வை மங்கலோடு போராடினார். குடித்துவிட்டு வந்தவர்கள் காசு கேட்டு மிரட்டினார்கள், அடித்தார்கள். அவர் திருப்பி அடிக்கவில்லை. உடுத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்த நாள்களும் உண்டு. ஷின்காவாவில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. முறைதவறிப் பிறந்த குழந்தைகளைச் சிறு தொகைக்கு வாங்கிக்கொண்டு, பசியால் மெல்லச் சாகவிடுவார்கள். அப்படிச் சாகக் கிடந்த ஒரு பெண் குழந்தையை ககாவா எடுத்துவந்து, திருமணமாகாத இளைஞராக, இரவெல்லாம் மடியில் வைத்துக் கஞ்சி புகட்டினார். இதை அவர் சேவை என்று அழைக்க விரும்பவில்லை. தேவன் மனித உரு எடுத்து அடிமையின் கோலம் பூண்டார் என்று விசுவாசிக்கிறவன் வேறெங்கே குடியிருக்க முடியும் என்பதே அவருடைய வாதம்.

1913இல் ஷிபா ஹாரு என்ற பெண்ணை மணந்தார். அச்சகம் ஒன்றில் புத்தகக் கட்டுப் பிரிவில் வேலைசெய்த தொழிலாளி அவர். ககாவாவின் புகழ் பேசும் நூல்களில் ஹாரு துணைவியாக மட்டுமே வருகிறார். அது நியாயமன்று. கணவர் அமெரிக்காவில் படித்த காலத்தில் அவரும் யோகோஹாமாவில் இறையியல் படித்தார். 1921இல் உழைக்கும் பெண்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். சேரியின் சமையலும் நோயாளிகளின் கழுவலும் பெரிதும் அவர் கையில்தான் நடந்தன.

1914 முதல் 1917 வரை அமெரிக்காவில் இருந்த ககாவா பிரின்ஸ்டனில் பயின்றார். நியூயார்க் வீதியில் தையல் தொழிலாளர் நடத்திய பெரும் பேரணியை நேரில் கண்டது அவர் சிந்தனையை மாற்றியது. கஞ்சி ஊற்றுவதால் வறுமை ஒழியாது, கூலி கொடுப்பவனை எதிர்த்துத் தொழிலாளர் ஒன்றுசேர வேண்டும் என்ற தெளிவோடு திரும்பினார். அடுத்த ஐந்தாண்டுகளில் அவர் செய்தவற்றை இன்றைய திருச்சபைத் தலைவர்கள் படித்துப் பார்க்கலாம். 1921இல் கோபேயின் கவாசாக்கி, மிட்சுபிஷி கப்பல் கட்டும் தளங்களில் சுமார் 30 ஆயிரம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அதன் தலைவர்களுள் ஒருவராக நின்று சிறை சென்றார். வேலைநிறுத்தம் தோற்றது. அதே ஆண்டில் கோபேயில் நுகர்வோர் கூட்டுறவு தொடங்கப்பட்டது. அது இன்றும் ஜப்பானின் மிகப் பெரிய கூட்டுறவுகளுள் ஒன்று. 1922இல் சுகியாமா மொதோஜிரோ என்ற மற்றொரு கிறித்தவரோடு சேர்ந்து குத்தகை விவசாயிகளுக்கான ஜப்பான் விவசாயிகள் சங்கத்தை நிறுவினார். 1920இல் வெளிவந்த, சாவின் எல்லையைக் கடந்து என்று பொருள்படும் தலைப்புடைய அவருடைய தன்வரலாற்று நாவல் பல லட்சம் பிரதிகள் விற்றது. அந்தப் பணத்தைத் தொழிற்சங்கங்களுக்கும் சேரிப் பணிக்கும் கொட்டிவிட்டு, பழைய அறையிலேயே வாழ்ந்தார்.

இத்தகைய மனிதர்தான் 1915இல் ஏழைகளின் உளவியல் குறித்த ஆய்வு நூலை வெளியிட்டார். ஷின்காவாவில் தாம் சேர்த்த விவரங்களைக் கொண்டு எழுதிய பெருநூல் அது. வாடகை, கூலி, உணவு, நோய், சாவு என்று சேரியின் வாழ்க்கையைக் கணக்கெடுத்த முன்னோடி நூல்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே நூலில், புராக்குமின் மக்கள் ஜப்பானியரிடமிருந்து வேறுபட்ட இன வழியில் வந்தவர்கள் என்றும், குற்றமும் ஒழுக்கக்கேடும் அவர்களோடு பிணைந்தவை என்றும் பொருள்படும் பகுதிகளை எழுதினார். அக்காலத்து மேற்கத்திய இனவியலும் குற்றவியலும் கற்பித்த பாடம்தான் அது. பிரித்தானிய இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எழுதிய கையும் அதே பாடத்தைப் படித்ததுதான். காலத்தின் பிழை என்று சொல்லி இதைத் தாண்டிப் போவோர் உண்டு. ஆனால் அந்த இழிவுரை தொலைவில் உட்கார்ந்து எழுதிய அதிகாரியின் கையிலிருந்து வரவில்லை. அம்மக்களோடு ஒரே பாயில் படுத்து, அவர்களுடைய நோயைத் தம் கண்ணில் வாங்கிக்கொண்டவரின் கையிலிருந்து வந்தது. பக்கத்தில் படுப்பதால் மட்டும் ஒருவருக்குச் சமத்துவக் கண் திறந்துவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

இரக்கத்துக்கு ஒரு திசை உண்டு. மேலிருந்து கீழே பாய்வது அது. ககாவா தம் உடைமையை எல்லாம் துறந்து கீழே இறங்கினார். ஆனால் தாம் கீழே இறங்கினோம் என்ற நினைப்பைத் துறக்கவில்லை. அவருக்குச் சேரி மக்கள் மீட்கப்பட வேண்டியவர்கள். தங்களைத் தாங்களே மீட்டுக்கொள்ளக் கூடியவர்கள் என்று அவர் கருதியிருந்தால், அவர்களுடைய துயரத்துக்குக் காரணத்தை அவர்களுடைய இரத்தத்தில் தேடியிருக்க மாட்டார்.

இதற்கு மறுமொழி ஏழாண்டுகளில் வந்தது. நாரா மாவட்டத்தைச் சேர்ந்த சைகோ மான்கிச்சி, சகாமோத்தோ செய்இச்சிரோ, கோமாய் கிசாக்கு என்ற மூன்று புராக்கு இளைஞர்கள் தங்கள் ஊரில் கூட்டுறவும் படிப்பு வட்டமும் நடத்திவந்தவர்கள். ககாவாவைத் தேடிச்சென்று பேசியவர்கள், அவரிடமிருந்து கற்றவர்கள். 1922 மார்ச் 3ஆம் நாள் கியோத்தோவின் ஒகாசாகி மண்டபத்தில் அவர்களும் தோழர்களும் கூட்டிய மாநாட்டில் சுய்ஹெய்ஷா என்ற அனைத்து ஜப்பான் அமைப்பு பிறந்தது. எல்லாரையும் ஒரே மட்டத்தில் நிறுத்தும் சங்கம் என்று பெயருக்குப் பொருள். பிறர் இரக்கப்பட்டு நடத்திய இயக்கங்கள் தங்கள் மக்களைச் சீரழித்தன என்றும், இனித் தங்கள் விடுதலையைத் தாங்களே செயலால் அடைவோம் என்றும், இழிபெயராக வழங்கிய தங்கள் பெயரில் பெருமைகொள்ளும் காலம் வந்துவிட்டது என்றும் அதன் பிரகடனம் அறிவித்தது. காந்தியார் சூட்டிய ஹரிஜன் என்ற பெயரை மறுத்துத் தலித் என்று தலைநிமிர்ந்த மரபில் வந்த நமக்கு அந்தக் குரல் அந்நியமானதன்று.

அந்த அமைப்புக்குச் சைகோ மான்கிச்சி வரைந்த கொடியைக் காண வேண்டும். கறுப்புத் துணியில் இரத்தச் சிவப்பு நிறத்தில் ஒரு முள்முடி. சைகோ பௌத்தக் கோயில் ஒன்றில் பூசகர் குடும்பத்தில் பிறந்தவர்; கிறித்தவர் அல்லர். நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொல்லப்பட்ட நாசரேத்தூர் இயேசுவின் தலையில் இருந்த முடி தங்கள் தலையில் இருப்பதுதான் என்று புராக்கு மக்கள் தாங்களாகவே கண்டுகொண்டார்கள். அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எந்தப் போதகரும் தேவைப்படவில்லை.

ககாவா சுய்ஹெய்ஷாவை எப்படி எதிர்கொண்டார்? விவசாயிகள் சங்கத்தில் புராக்கு விவசாயிகள் பலர் இருந்தனர். அந்த அளவில் உறவு தொடர்ந்தது. ஆனால் இழிவாகப் பேசியவரை ஊரறிய நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைக்கும் அவ்வமைப்பின் கண்டனப் போராட்ட முறையை அவர் ஏற்கவில்லை. அதில் அவர் வெறுப்பைக் கண்டார். அன்பே வழி என்று சொல்லி ஒதுங்கினார். அடிபட்டவர் குரல் உயர்த்தினால் வெறுப்பு, அடித்தவர் மௌனமாக இருந்தால் அமைதி என்று கணக்குப் போடுவது திருச்சபைகளுக்குப் பழக்கமான ஒன்று. எசேக்கியேலும் ஆமோசும் வாழ்ந்திருந்தால் அவர்களுக்கும் இதே அறிவுரை கிடைத்திருக்கும்.

1923 செப்டம்பரில் டோக்கியோவைப் பெருநிலநடுக்கம் அழித்தது. ககாவா அங்கே சென்று நிவாரணப் பணியில் இறங்கினார். ஷின்காவா வாழ்வு அதோடு முடிந்தது. பிறகு நாடு முழுதும் நற்செய்திப் பயணம், கூட்டுறவு இயக்கம், உலகச் சுற்றுப்பயணங்கள். ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கேட்டும், நகரச் சேரிகளைச் சீரமைக்கக் கேட்டும் அவர் பேசினார். 1920களின் இறுதிக்குள் இரண்டுக்கும் சட்டங்கள் வந்தன.

1938 டிசம்பரில் அவர் நம் தாம்பரத்துக்கு வந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு நடந்தது. அது முதலில் சீனாவில் நடப்பதாக இருந்தது. ஜப்பானியப் படை சீனாவின் மீது போர் தொடுத்திருந்ததால் சென்னைக்கு மாற்றப்பட்டது. சீனத் திருச்சபையினரும் ஜப்பானியத் திருச்சபையினரும் அங்கே ஒரே கூரையின்கீழ் ஜெபித்தார்கள். அந்த நாள்களின் இந்தியாவையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் யேவலாவில் அறிவித்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆந்திரத்தின் மாலர், மாதிகர் பெருந்திரளாகத் திருச்சபையில் சேர்ந்துகொண்டிருந்தனர். அவர்களின் பேராயர், திருநெல்வேலியில் பிறந்த அசரியா, காந்தியாரின் கடும் மறுப்பை எதிர்கொண்டுவந்தார்.

மாநாடு முடிந்த பின் 1939 ஜனவரியில் ககாவா பர்தோலியில் காந்தியாரைச் சந்தித்தார். ஜப்பானில் போரைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று காந்தியார் கேட்டார். தம் கருத்து தம் நாட்டின் கருத்துக்கு மாறானது என்று ஒப்புக்கொண்ட ககாவா, தம் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கூட்டுறவுகளையும் பணிகளையும் ஒரு தட்டிலும் நாட்டின் மானத்தை மறு தட்டிலும் வைத்துப் பார்த்து, மானம் விலைபோவதாகத் தோன்றினால் உண்மையை வெளிப்படையாகச் சொல்லிச் சாகத் துணிய வேண்டும் என்ற பொருளில் காந்தியார் விடையளித்தார். பூனா ஒப்பந்தத்தின் வடு ஆறாத நமக்குக் காந்தியாரிடமிருந்து வரும் அறவுரைகளைக் கேட்க ஒரு தயக்கம் இருக்கும். எனினும் அந்தக் கேள்வி ககாவாவைக் குத்தியிருக்க வேண்டும்.

அவர் முற்றாகக் கோழையாக இருக்கவில்லை. 1934இலேயே தம் நூலொன்றின் சீன மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், தம் நாடு செய்த கொடுமைக்காகச் சீன மக்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். 1940 ஆகஸ்டில் இராணுவக் காவல்துறை அவரைக் கைதுசெய்து சில வாரங்கள் அடைத்துவைத்தது. ஆனால் பசிபிக் போர் முற்றியபோது அவர் அமெரிக்காவைக் கண்டித்து வானொலியில் பேசினார். குண்டுவீச்சில் நகரங்கள் எரிந்ததைக் கண்ட கோபம் அது என்று அவர் அன்பர்கள் விளக்குவார்கள். சீன நகரங்கள் எரிந்தபோது அதே வானொலியில் அவர் குரல் எழவில்லை என்பதும் உண்மை.

போருக்குப் பின் அரசின் ஆலோசகராகச் சிறிது காலம் இருந்தார். கூட்டுறவு, உலக அமைதி, நற்செய்தி என்று ஓயாது அலைந்து, 1960 ஏப்ரல் 23ஆம் நாள் டோக்கியோவில் காலமானார். 24 தொகுதிகளாக அவர் எழுத்துகள் அச்சேறின. 1915ஆம் ஆண்டு நூலும் அவற்றுள் இடம்பெற்றது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்த வரிகள் எந்த விளக்கமும் இல்லாமல், ஒரு புனிதரின் எழுத்தாக, மீண்டும் புழக்கத்துக்கு வந்தன.

எதிர்ப்பு எழுந்தது. புராக்கு விடுதலை இயக்கத்தினரும் திருச்சபைக்குள் இருந்த புராக்குக் கிறித்தவர்களும் கேள்வி கேட்டார்கள். ககாவாவோடு பழகிய முதியவர்கள் பலருக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. எல்லாவற்றையும் கொடுத்த மனிதரை இப்படிப் பேசலாமா என்றார்கள். அவர் எதையெல்லாம் கொடுத்தார் என்பது எங்களுக்கும் தெரியும், எங்களைப் பற்றி என்ன எழுதினார் என்பது உங்களுக்குத் தெரியுமா என்பதே எதிர்த்தரப்பின் கேள்வி. ஜப்பானின் ஐக்கியக் கிறிஸ்து சபை 1981இல் ஒசாகாவில் புராக்கு விடுதலை மையம் ஒன்றை நிறுவியது. 1980களில் ககாவா பற்றிய கேள்வியையும் அச்சபை தன் முன் வைத்து விவாதித்தது. ககாவாவின் பெயரால் இயங்கும் நினைவகங்கள் இன்று கோபேயிலும் டோக்கியோவிலும் உள்ளன. சுய்ஹெய்ஷாவின் வழிவந்த புராக்கு விடுதலைக் கழகம் இன்றும் தன் ஊர்வலங்களில் அந்த முள்முடிக் கொடியைத்தான் தூக்கிச் செல்கிறது.